டார்க் மோட் கண்ணுக்கு நல்லதா? பேட்டரி மிச்சமாகுமா? எல்லா இணையதளங்களும் இதைத் தர வேண்டுமா?

இரவு 11 மணி. அறையில் லைட் அணைத்தாச்சு. வாட்ஸ்அப் கறுப்பாக இருக்கிறது, யூடியூப் கறுப்பாக இருக்கிறது. அதில் வந்த ஒரு செய்தி லிங்கைத் தொட்டால் திடீரென வெள்ளைப் பக்கம் திறந்து கண்ணைக் கூச வைக்கிறது. 'இவங்களும் டார்க் மோட் வெச்சா என்ன?' என்று பலருக்கும் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் டார்க் மோட் பற்றி நாம் நம்புவது எல்லாமே உண்மையா? விரிவாகப் பார்க்கலாம்.

டார்க் மோட் எப்போது வந்தது?

கறுப்புத் திரையில் வெளிச்சமான எழுத்து என்பது புதிதல்ல. பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்களில் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள்தான் ஓடின. காகிதத்தைப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளைப் பின்னணி பிறகு வந்தது. செல்போனில் டார்க் மோட் பரவலானது 2019-இல். அந்த ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டிலும் போன் முழுவதற்குமான டார்க் மோட் வசதி வந்தது. 2020-இல் வாட்ஸ்அப்பும், 2024-இல் விக்கிப்பீடியாவும் இந்த வசதியைக் கொண்டு வந்தன.

பேட்டரி உண்மையிலேயே மிச்சமாகுமா?

அது உங்கள் போனின் திரையைப் பொறுத்தது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தரும். கறுப்பு காட்ட வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். அதனால் மின்சாரம் மிச்சம். விலை குறைந்த பல போன்களில் இருக்கும் எல்சிடி திரையில் அப்படி இல்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். திரை கறுப்பாகத் தெரிந்தாலும் விளக்கு அணையாது. எனவே எல்சிடி போனில் டார்க் மோட் போட்டு பேட்டரி மிச்சமாகும் என்று எதிர்பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

ஓஎல்இடி போனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, திரை வெளிச்சம் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போது டார்க் மோடால் சராசரியாக 3 முதல் 9 சதவீதம் வரைதான் மின்சாரம் மிச்சமாகிறது. வெளிச்சத்தை 100 சதவீதம் வைத்தால் மிச்சம் 39 முதல் 47 சதவீதம் வரை போகிறது. வீட்டுக்குள் குறைந்த வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு லாபம் கொஞ்சம்தான்.

கண்ணுக்கு நல்லதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படிப்பதே பெரும்பாலானவர்களுக்கு எளிது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 2013-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் இளைஞர்கள், முதியவர்கள் என இரு தரப்பையும் வைத்து சோதித்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது. காரணம் எளிது. வெளிச்சம் அதிகமானால் கண்ணின் பாப்பா சுருங்கும். காட்சி கூர்மையாகத் தெரியும். இருட்டுத் திரையைப் பார்க்கும்போது பாப்பா விரியும். எழுத்தின் ஓரங்கள் மங்கும்.

அஸ்டிக்மாடிசம் எனும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கறுப்பில் இருக்கும் வெள்ளை எழுத்து கசிந்து பரவுவது போலத் தெரியலாம். தமிழ் எழுத்துக்கு இது கூடுதல் சிக்கல். 'ன', 'ண' இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. 'க', 'க்' இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. எழுத்து சிறிதாக இருந்து ஓரமும் மங்கினால் வார்த்தையே மாறிப்போகும்.

அப்படியானால் டார்க் மோட் வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. கண்புரை போன்ற காரணங்களால் கண்ணுக்குள் ஒளி சிதறுபவர்களுக்கு வெள்ளைத் திரை பெரும் கூச்சம் தரும். அவர்களில் பலருக்குக் கறுப்புப் பின்னணியில்தான் படிக்க முடிகிறது. வெளிச்சம் பட்டால் ஒற்றைத் தலைவலி கூடுபவர்களுக்கும் இது உதவும். நமக்கு ஸ்டைலாகத் தெரிவது அவர்களுக்குத் தேவை.

அப்போ இணையதளங்கள் என்ன செய்ய வேண்டும்?

டார்க் மோட் தரலாம், ஆனால் திணிக்கக் கூடாது. ஒருவருக்கு வசதியாக இருப்பது இன்னொருவருக்குத் தொல்லையாக இருப்பதால், முடிவு படிப்பவர் கையில் இருப்பதே சரி. போனில் நீங்கள் எந்த மோட் வைத்திருக்கிறீர்கள் என்பதை இணையதளம் அறிந்து அதற்கேற்ப நிறம் மாற்றும் வசதி, குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய பிரவுசர்களில் 2019-இலேயே வந்துவிட்டது. அதோடு பக்கத்திலேயே மாற்றிக்கொள்ள ஒரு பட்டனும் இருந்தால் நல்லது.

ஆனால் நிறத்தை அப்படியே தலைகீழாக்கினால் வேலை முடிந்துவிடாது. கறுப்பு எழுத்தில் உள்ள லோகோ கறுப்புப் பின்னணியில் காணாமல் போகும். வரைபடம், அட்டவணையின் கோடுகள் தெரியாது. அடர் நீல லிங்குகளைப் படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி. இது இரண்டு மோடுக்கும் பொருந்தும். முழுக் கறுப்பில் தூய வெள்ளை எழுத்தைவிட, அடர் சாம்பலில் சற்று மங்கிய வெள்ளை எழுத்து உறுத்தாமல் இருக்கும்.

'இவ்வளவு வேலையா, வேண்டாம்' என்று இணையதளம் விட்டுவிட்டாலும் பிரச்னை தீராது. சில பிரவுசர்கள் தாமாகவே பக்கத்தைக் கறுப்பாக்கிவிடும். அப்போது எது எப்படித் தெரியும் என்பது அந்த இணையதளத்தின் கையில் இருக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பகலில், வெயிலில் லைட் மோட். இருட்டறையில் டார்க் மோட். போன் செட்டிங்ஸில் நேரம் வைத்தால் தானாக மாறும்.
* நீண்ட கட்டுரை படிக்கும்போது எழுத்து மங்கலாகத் தெரிந்தால் லைட் மோடுக்கு மாறி, வெளிச்சத்தைக் குறையுங்கள்.
* எந்த மோடாக இருந்தாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். அமெரிக்க கண் மருத்துவ அகாடமி பரிந்துரைக்கும் வழி இது.
* டார்க் மோட் போட்டும் கண் வலி, தலைவலி தொடர்ந்தால் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டே இருக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். பவர் கண்ணாடி தேவைப்படலாம்.