ஐ.சி.யூ.வில் ஏறி இறங்கும் சர்க்கரை

லூபஸ், இரத்தக்குழாய் அழற்சி போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் பலருக்கு மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை சிரை வழியாக ஏற்றப்படுகிறது. உயிரைக் காக்கும் அந்த மருந்தே கல்லீரலைக் கூடுதலாகக் குளுக்கோஸ் சுரக்க வைக்கிறது. இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகிறது. நீரிழிவே இல்லாதவருக்கும் சர்க்கரை எகிறும். காலையில் ஸ்டீராய்டு பெற்றவருக்கு உச்சம் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். விடிகாலைப் பரிசோதனையை மட்டும் நம்பினால் அது கண்ணில் படாது.

இறக்கம் இதைவிட ஆபத்தானது. ஸ்டீராய்டைக் குறைத்த பிறகும் இன்சுலின் பழைய அளவிலேயே தொடர்ந்தாலோ, குழாய் வழி உணவு நின்றாலோ, சிறுநீரகம் பழுதாகி இன்சுலின் உடலிலேயே தங்கினாலோ சர்க்கரை சரியும். மயக்க மருந்தில் இருப்பவரால் வியர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்ல முடியாது. ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், சர்க்கரையை 81–108 மி.கி./டெ.லி. என்ற குறுகிய வரம்பில் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதத்தினர் 90 நாட்களுக்குள் இறந்தனர். 180க்குள் வைத்தால் போதும் என விடப்பட்டவர்களில் அது 24.9 சதவீதம். இன்று பெரும்பாலான ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு 140–180 மி.கி./டெ.லி. இலக்காகக் கொள்ளப்படுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் பார்க்க உதவுவது தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி. அதன் சென்சார், கையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் செருகப்படும் மெல்லிய இழை. திசுநீரில் உள்ள குளுக்கோஸை ஒன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை காட்டும். சர்க்கரை சரியத் தொடங்கும்போதே எச்சரிக்கும். கொரோனா பரவிய 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவமனைப் பயன்பாட்டுக்குத் தடை சொல்லாததால், செவிலியர்கள் அறைக்கு வெளியே நின்றே அளவைப் பார்த்தனர்.

ஆனால் திசுநீர் இரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே மாறும். உடல் வீங்கியிருந்தாலும், அதிர்ச்சி நிலையில் தோலுக்கு இரத்த ஓட்டம் குன்றினாலும் அளவு பிசகலாம். கருவியின் வகையைப் பொறுத்து அதிக வைட்டமின் சி, பாராசிட்டமால், ஹைட்ராக்சியூரியா ஆகியவையும் கணக்கைக் கெடுக்கும்.

விரல்நுனிச் சோதனையும் இந்த நோயாளிகளிடம் முழுக்க நம்பத்தக்கதல்ல. ஸ்கிளீரோடெர்மா என்ற தன்னுடல் தாக்கு நோயில் விரல்களுக்கு இரத்தமே சரியாகப் போகாது. தன்னுடல் தாக்கு நோய்களுக்குத் தரப்படும் சில இம்யூனோகுளோபுலின் மருந்துகளில் மால்டோஸ் கலந்திருக்கும். சில வகை ஸ்ட்ரிப்புகள் அதையும் குளுக்கோஸாக எண்ணிப் பொய்யான உயர்வைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கத் தமனி இரத்தத்தை ஆய்வுக்கூடக் கருவியில் சோதிப்பதே நல்லது. சர்க்கரை 100க்கு மேல் இருக்கையில் சென்சாருக்கும் இரத்தத்துக்கும் இடைவெளி 20 சதவீதத்துக்குள்ளும், அதற்குக் கீழே 20 மி.கி.க்குள்ளும் இருந்தால்தான் சென்சாரை ஏற்கலாம் என்பது பல மருத்துவமனைகள் கையாண்ட விதி. அதைத் தாண்டினால், இடைவெளி குறையும்வரை இன்சுலின் அளவை இரத்தப் பரிசோதனையே தீர்மானிக்கும்.