கொல்லை வேலிக்கு ஆடாதொடை

அறுவடை முடிந்து, மாசி, பங்குனி மாதங்களில் வயல்கள் வெறுமையாகக் கிடக்குங் காலத்தில், கிராமத்து ஆடுகளும் கன்றுகளும் கட்டவிழ்த்து விடப்படுகின்றன. வயலில் மேய ஒன்றுமில்லாதபோது அவை நாடி வருவது வீட்டுக் கொல்லைகளையே. கத்தரியும் வெண்டையும் அவரைக் கொடியும் ஒரே பகலில் அழிந்துபோவதும், அதன் பொருட்டு அண்டை வீட்டார் இருவர் பேச்சற்றுப் போவதும் பெரும்பாலும் எல்லாக் கிராமங்களிலும் கண்ட சங்கதியாகும். ஆகவே, கொல்லை வேலிக்கு மெய்யான வேலை கோடையில்தான். மழைக்காலத்தில் தழைத்து நின்று, கோடையில் வெறுங் குச்சியாகிவிடும் வேலியினால் குடியானவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

கொங்கு நாட்டில் மேய்ச்சற் காடுகளைச் சுற்றி வளர்க்கப்படும் முள்கிளுவை வேலி உறுதியிற் சிறந்தது. மேய்ச்சல் நிலத்திற்கு அதனினும் ஏற்றதைக் காண்பது அரிது. எனினும் அது கோடையில் இலையுதிர்ப்பது, முள்ளுடையது, குழந்தைகள் ஓடியாடும் வீட்டுப்புறத்திற்கு ஏற்றதன்று. காட்டாமணக்கை ஆடு தின்பதில்லை. குச்சியை நட்டால் எளிதில் துளிர்த்துக்கொள்ளும். ஆனால் அதுவும் வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். அன்றியும், அதன் விதைகள் நஞ்சுடையவை. கடலைக்கொட்டை போல் இனிப்பதால் சிறுவர்கள் அவற்றைத் தின்றுவிட்டு, வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்படுவதுண்டு.

சீமைக் கருவேலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 1870-களில் சென்னை மாகாணத்து வன இலாகாவினரால் தருவிக்கப்பட்டு, கடப்பைச் சீமையில் நடப்பெற்ற இம்மரம், விறகுக்கும் வேலிக்கும் உதவுமென்று வரவேற்கப்பட்டது. அதன் இனிய நெற்றுக்களைத் தின்னும் ஆடுமாடுகள், விதைகளைப் புழுக்கையோடும் சாணத்தோடும் ஊரெங்கும் விதைத்துவிடுகின்றன. வேலிக்கென்று வைத்தது சில வருஷங்களில் ஏரிக்குள்ளும் வாய்க்காலிலும் காடாக நிற்கின்றது. உண்ணிச்செடியின் வரலாறும் இத்தன்மையதே. தன் இடத்தில் நில்லாத செடியை வேலிக்கு வைத்தவர், ஒரு தொல்லைக்காக மற்றொரு தொல்லையை வாங்கியவராவார்.

கோடையில் பச்சையாயிருத்தல், ஆடு தீண்டாதிருத்தல், தன் இடத்தைவிட்டுப் பரவாதிருத்தல் ஆகிய மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்தது ஆடாதொடை. ஆடு தொடாத இலையாதலின் அப்பெயர் பெற்றதென்று நாட்டுப்புறத்தார் கூறுவர். என்றும் பசுமை மாறாத இக்குத்துச்செடி, தானாக வளர விட்டால் ஆறு அல்லது எட்டடி உயரம் போகும். இலை மாவிலையை ஒத்து நீண்டு, எதிரெதிராக அமைந்திருக்கும். கசக்கினால் ஒருவிதக் கார நெடி வீசும். மார்கழி முதல் பங்குனி வரையில் செங்கோடுகளுடன் கூடிய வெண்ணிறப் பூக்கள் கதிர் கதிராகப் பூக்கும். அவற்றைத் தேனீக்கள் நாடி வரும். செம்மண், வண்டல், கற்பாங்கான நிலம் எதிலும் வளரும். ஜலம் தேங்கும் இடத்தில் மட்டும் வேர் அழுகி மாண்டுவிடும்.

நடவுக்கு விலை கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. அண்டையிலுள்ள பழைய செடியிலிருந்து, மிக இளசும் மிக முற்றலும் அல்லாத, விரற்பருமனுள்ள கிளைகளை எடுத்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு அரையடி முதல் முக்காலடி நீளத்திற்குக் கூரிய கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம். நுனியில் இரண்டு இலைகளைப் பாதியாக வெட்டி நிறுத்தி, ஏனையவற்றைக் களைந்துவிடல் வேண்டும். புரட்டாசிக் கடைசியில் ஒன்றரையடி அகலமும் ஓரடி ஆழமுமுள்ள சால் வெட்டி, மக்கிய எருவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி வைத்து, ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு நடுக. இரண்டு வரிசைகள், வரிசைக்கும் செடிக்கும் ஓரடி இடைவெளி, ஒரு வரிசையின் செடி மற்றதன் இடைவெளிக்கு நேராக வரவேண்டும். நூறடி வேலிக்குச் சுமார் 200 குச்சிகள் பிடிக்கும். பட்டுப்போவதற்கு ஈடாக இன்னும் ஒரு 50 குச்சிகளைக் கிணற்றங்கரை நிழலில் நட்டு வைப்பது நன்று. மேற்கு ஜில்லாக்களில் ஆனி, ஆடி மழையிலும் நடலாம்.

ஆடு தின்னாதெனினும் மிதிக்கும். ஆகையால் முதல் வருஷம் வெளிப்புறத்தில் முள் அடைப்பு அவசியம். சீமைக் கருவேல முள்ளையே வெட்டிப் போடலாம். நெற்று இல்லாத கிளையாகப் பார்த்துப் போட வேண்டும். முதற் கோடையில் வாரம் ஒருமுறை ஜலம் விட்டால் போதும். இரண்டாவது மழைக்குப்பின், கடும் பஞ்சகாலம் தவிர, பாய்ச்ச வேண்டியதே இல்லை.

இவ்வளவும் செய்தவர்களிற் பலர் தவறுவது கவாத்து விஷயத்தில்தான். நட்ட செடி தழைத்துவிட்டதென்று மகிழ்ந்து அப்படியே விட்டுவிடுவார்கள். மூன்றாம் வருஷம் பார்த்தால், மேலே குடைபோல் தழையும், கீழே முழங்கால் உயரத்திற்கு வெறுந் தண்டுமாக நிற்கும். அவ்விடைவெளியில் கோழியும் நாயும் ஆட்டுக்குட்டியும் தாராளமாக நுழையும். பிறகு, ஆடாதொடை வேலிக்கு உதவாதென்று செடியின்மீது பழி போடுவது வழக்கம். குற்றம் செடியுடையதன்று.

இச்செடியில் நுனிக் குருத்து ஓங்கி வளருங்கால் கீழ்க்கணுக்கள் உறங்கிக் கிடக்கும். நுனியைக் கிள்ளினால் அவை விழித்துப் பக்கக் கிளை விடும். ஆதலால் துளிர் ஓரடி உயர்ந்தவுடன் பாதியாக வெட்டிவிடவேண்டும். பார்க்க மனம் வராது. ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். வரும் பக்கக் கிளைகள் மறுபடி ஓரடி நீண்டதும் அவற்றையும் பாதியாக்க வேண்டும். இவ்வாறு முதல் வருஷத்தில் மூன்று முறை செய்தால் தரையிலிருந்தே அடர்த்தி ஏற்பட்டுவிடும். அதன்பின் ஆடி, ஐப்பசி, தை மாதங்களில் வருஷந்தோறும் கவாத்து செய்து, நாலடி உயரத்தில் நிறுத்தலாம். வேலியின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்குமாறு வெட்டுவது முக்கியம். தலை அகன்றால் அடித்தழைக்கு வெயில் கிட்டாது. வெயில் கிட்டாத இலை உதிர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் கத்தி வைத்தலாகாது. பூவும் தேனீயும் வேண்டுவோர் உட்புறத்தை மட்டும் தையில் வெட்டாது விடலாம்.

முன்னரே தண்டோடிப்போன பழைய வேலியையும் திருத்த வழியுண்டு. மழை தொடக்கத்தில் தரைக்கு மேல் அரையடி விட்டு முழுதும் வெட்டிவிட்டால், கட்டையிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். எல்லாப் பக்கத்தையும் ஒரே வருஷத்தில் வெட்டிக் கொல்லையைத் திறந்துவிடாமல், ஒரு பக்கம் தேறியபின் மறுபக்கத்தை வெட்டுவது புத்திசாலித்தனம்.

முள்ளில்லாத வேலியாதலால், முரட்டு மாட்டையும் காட்டுப் பன்றியையும் இது தடுக்காது. வயற்காட்டுக் காவலுக்கு இதை நம்புதல் கூடாது. வீட்டுக் கொல்லைக்குத்தான் இது தகும்.

நடும் இடத்தைப் பற்றி ஒரு சொல். சால் வெட்டுமுன் எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுகொள்வது நலம். வளர்ந்த வேலி இருபுறமும் ஒன்றரையடி அகலம் பிடிக்கும். எல்லைக் கோட்டின் மீதே நட்டால் பாதி வேலி அண்டையார் மனையிலோ, தெருப் புறம்போக்கிலோ நிற்கும். ஆகையால் பட்டா நிலத்திற்குள் இரண்டடி தள்ளி நடுதல் வேண்டும். கல் இருக்குமிடத்தில் தழையை விலக்கி, எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவேண்டும். சர்வே கற்களைப் பாதுகாப்பது பட்டாதாரரின் கடமையென்று 1923-ஆம் வருஷத்து சர்வே எல்லைச் சட்டம் விதித்துள்ளது. கிராம நிர்வாக அலுவலர்கள் நடவுக்கு முன்பே இதை எடுத்துச் சொன்னால், பின்னர் புலப்படத்தை விரித்துக்கொண்டு இரு வீட்டார் நடுவில் நிற்கும் சங்கடம் அவர்களுக்குக் குறையும்.

வெட்டிய தழையை வீணாக்க வேண்டாம். நெல்லுக்கு ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை இடுவது சிபாரிசாகும். ஒரு கொல்லை வேலி அவ்வளவு தராது; நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் போதும். வேம்பு, நொச்சி, எருக்கு இலைகளுடன் சேர்த்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டியாகத் தெளிப்பாரும் உளர்.

சளிக்கும் இருமலுக்கும் ஆடாதொடைக் குடிநீர் சித்த வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை முன்மாதிரியாகக் கொண்டே இருமலுக்குரிய புரோம்ஹெக்சின் மருந்து 1960-களில் புழக்கத்திற்கு வந்தது. அச்சத்துக் கருப்பையைச் சுருங்கச் செய்வதாகையால், கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளலாகாது. மற்றவரும் வைத்தியர் சொல்லும் அளவில் கொள்வதே முறை. பூச்சிவிரட்டி தெளித்த வேலியிலிருந்து மருந்துக்கு இலை பறித்தல் கூடாது. அதற்கென்று கிணற்றங்கரையில் நட்டு வைத்த உபரிக் குச்சிகளில் இரண்டைத் தனியே வளர விடலாம்.