பெருகும் இணையத் தேவை: ஈடுகொடுக்குமா இந்தியாவின் கட்டமைப்பு?

புது தில்லி: சவூதி அரேபியாவின் ஜெட்டா நகருக்கு அருகே, செங்கடலின் அடியில் செல்லும் இரண்டு தொலைத்தொடர்பு வடங்கள் 2025 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் துண்டிக்கப்பட்டன. அதன் தாக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உணரப்பட்டது. இணைய வேகம் குறைந்ததாகக் கண்காணிப்பு அமைப்புகள் தெரிவித்தன. மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் தங்கள் சேவையில் தாமதம் ஏற்படக்கூடும் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது.

இணையம் முற்றிலும் முடங்கிவிடவில்லை. தரவுகள் வேறு பாதைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆயினும், வங்கிப் பரிவர்த்தனை முதல் பள்ளிப் பாடம் வரை அனைத்தும் இணையத்தை நம்பியிருக்கும் நிலையில், பெருகிவரும் தேவைக்கு நாட்டின் கட்டமைப்பு ஈடுகொடுக்குமா என்ற கேள்வியை அந்நிகழ்வு மீண்டும் எழுப்பியது.

பத்தாண்டுகளில் 300 மடங்கு

அரசுத் தரவுகளின்படி, 2014 மார்ச் மாதத்தில் நாட்டில் 25.15 கோடி இணைய இணைப்புகள் இருந்தன. 2024 மார்ச் மாதத்தில் இந்த எண்ணிக்கை 95.44 கோடியாக உயர்ந்தது. இதே காலத்தில், ஒரு பயனாளர் கைப்பேசி வழியாக மாதந்தோறும் செலவிடும் தரவின் சராசரி அளவு சுமார் 62 மெகாபைட்டில் இருந்து 20 ஜிகாபைட்டைத் தாண்டியது. அதாவது, தனிநபர் பயன்பாடு 300 மடங்குக்கும் மேல் பெருகியுள்ளது.

இதற்கு முதன்மைக் காரணம் கட்டண வீழ்ச்சி. 2014-இல் ஒரு ஜிகாபைட் தரவின் விலை சராசரியாக ரூ.269 ஆக இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சந்தையில் நுழைந்த பின் ஏற்பட்ட போட்டியில் அது சரிந்து, தற்போது ரூ.10-க்கும் கீழே உள்ளது. எழுத்துச் செய்திகளுக்குப் பயன்பட்ட இணையம் காணொலிக்கான ஊடகமாக மாறியது.

கடலடியில் எவ்வளவு இடம் உள்ளது?

இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் இடையிலான இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி செயற்கைக்கோள்கள் வழியாக நடைபெறுவதில்லை. கடலின் தரையில் பதிக்கப்பட்ட கண்ணாடி இழை வடங்களே அதைச் சுமக்கின்றன. இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2023-இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, 17 சர்வதேசக் கடலடி வடங்கள் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் உள்ள 14 நிலையங்களில் கரையேறுகின்றன.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வடங்களில் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்த மொத்தத் திறன் விநாடிக்கு 138.6 டெராபிட். அதில் 111.1 டெராபிட் செயல்பாட்டில் இருந்தது. தயாராக இருந்த திறனில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருள். எனினும், வடத்தின் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மேம்படுத்துவதன் மூலம், கடலடியில் உள்ள அதே இழைகளில் கூடுதல் தரவை அனுப்ப முடியும். புதிய வடங்களும் வந்துகொண்டிருக்கின்றன. மெட்டா உள்ளிட்ட நிறுவனங்களின் 2ஆப்பிரிக்கா, ஏர்டெல் பங்கேற்கும் சீ-மீ-வீ 6, ஜியோவின் ஐஏஎக்ஸ், ஐஇஎக்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். அமெரிக்கா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றுடன் இந்தியாவையும் இணைக்கும் 50,000 கிலோமீட்டர் நீள வடத் திட்டத்தை மெட்டா 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர்

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாதில் நடைபெற்ற உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் கண்டனர். ஒருவருக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மொத்தத் தேவை 118 டெராபிட் ஆகிறது. 2022 இறுதியில் நாட்டின் சர்வதேச வடங்கள் அனைத்திலும் செயல்பாட்டில் இருந்த திறனைவிட இது அதிகம்.

அத்தகைய சுமையை இணையம் தாங்கியதற்குக் காரணம், அந்தத் தரவு கடல் கடந்து வர வேண்டிய தேவை இல்லாததே. அதிகம் பார்க்கப்படும் காணொலிகளின் பிரதிகள் பயனாளர்களுக்கு அருகிலேயே, இணையச் சேவை நிறுவனங்களின் வளாகங்களில் உள்ள சர்வர்களில் சேமித்து வைக்கப்படுகின்றன. நேரலை ஒளிபரப்பும் இவ்வாறே நகரந்தோறும் பகிர்ந்து அளிக்கப்படுகிறது. உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சென்று திரும்பாமல் இருக்க, சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைய பரிமாற்ற மையங்களும் செயல்படுகின்றன. இதற்கான தேசிய அமைப்பான நிக்ஸி 2003-இல் தொடங்கப்பட்டது.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கின்போது இந்த ஏற்பாட்டுக்கும் சோதனை வந்தது. கைப்பேசி வலையமைப்புகளின் சுமையைக் குறைக்க, காணொலி நிறுவனங்கள் படத்தின் தரத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ள முன்வந்தன. தேவை திடீரென உயரும்போது முதலில் திணறுவது கடலடி வடம் அல்ல, வீட்டுக்கு அருகில் உள்ள கோபுரம்தான் என்பதை அது உணர்த்தியது.

கோபுரம் வரை எட்டாத கண்ணாடி இழை

நாட்டின் இணைய இணைப்புகளில் கம்பிவழி அகண்ட அலைவரிசை இணைப்புகள் 2024 மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 4 கோடி மட்டுமே. மற்றவர்கள் கைப்பேசி அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்கின்றனர். 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கப்பட்ட பின், ஏறக்குறைய அனைத்து மாவட்டங்களிலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட 5ஜி நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஆனால் ஒரு கோபுரம் எவ்வளவு வேகத்தில் தரவை அளிக்கும் என்பது, அதன் பின்னால் உள்ள இணைப்பைப் பொறுத்தது. 70 சதவீதக் கோபுரங்களைக் கண்ணாடி இழையால் இணைப்பதைத் தேசிய அகண்ட அலைவரிசை இயக்கம் 2019-இல் இலக்காகக் கொண்டது. பாதிக்கும் மேற்பட்ட கோபுரங்கள் நுண்ணலை இணைப்பையே நம்பியிருந்த நிலையில் அதற்கான காலக்கெடு கடந்தது. கைப்பேசித் திரையில் 5ஜி என்று காட்டியும் காணொலி நின்று நின்று ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிக்கப்பட்ட வடங்களைக் காப்பதும் எளிதாக இல்லை. சாலைப் பணி, குடிநீர்க் குழாய்ப் பணி ஆகியவற்றுக்காகத் தோண்டும்போது ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் இடங்களில் வடங்கள் துண்டிக்கப்படுவதாகவும், இதனால் ரூ.3,000 கோடி இழப்பு ஏற்படுவதாகவும் மத்திய அரசு மதிப்பிட்டுள்ளது. தோண்டுவோர் முன்கூட்டியே தகவல் தெரிவிப்பதற்கான செயலி 2023 மார்ச் மாதத்தில் அறிமுகப்படுத்தப்பட்டது.

கிராமங்களும் தீவுகளும்

மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கிராமங்களில் வாழ்கின்றனர். ஆனால் 2024 மார்ச் மாதத்தில் இருந்த 95.44 கோடி இணைப்புகளில் கிராமப்புறத்தின் பங்கு 39.83 கோடி மட்டுமே. அனைத்து ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இணைக்கப்பட்டுள்ளன.

2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி மதிப்பில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஓரிடத்தில் வடம் அறுந்தால் மறுபக்கம் வழியாகத் தரவு செல்லும் வளைய அமைப்பு, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவை இதில் சேர்க்கப்பட்டுள்ளன. ஊராட்சி அலுவலகம் வரை வடம் வந்தும், பழுதானால் சீர்செய்ய ஆளில்லாமல் இணைப்பு செயலிழந்த அனுபவமே இந்த மாற்றத்துக்குக் காரணம்.

கட்டமைப்பு எத்தகைய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு அந்தமான் நிகோபார் தீவுகள் சான்று. செயற்கைக்கோளின் குறைந்த அலைவரிசையை நம்பியிருந்த அத்தீவுகள், சென்னையில் இருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்ட வடத்தால் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கப்பட்டன. 2024 ஜனவரியில் கொச்சி-லட்சத்தீவு வடமும் பயன்பாட்டுக்கு வந்தது.

பழுது நீக்கக் கப்பல் எங்கே?

திறனைப் பெருக்குவது ஒருபுறம் இருக்க, பாதுகாப்பு மற்றொரு சவால். சர்வதேச வடங்களில் பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலும் மட்டுமே கரையேறுகின்றன. மேற்கு நோக்கிச் செல்பவை பெரும்பாலும் செங்கடல் என்ற ஒரே குறுகிய வழியைக் கடக்கின்றன. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு வடங்கள் சேதமடைந்தபோது, இந்தியாவின் சர்வதேச இணையத் திறனில் சுமார் பாதி பாதிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியிலும் செங்கடலில் வடங்கள் சேதமடைந்தன.

கடலடி வடங்களைச் சீர்செய்ய இந்தியா வெளிநாட்டுக் கப்பல்களையே சார்ந்துள்ளது. கப்பல் வந்து சேர்வதற்கும், பல்வேறு துறைகளின் அனுமதி கிடைப்பதற்கும் ஆகும் காலம் பழுது நீக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. இந்தியக் கொடியேந்திய கப்பல்களை ஊக்குவிக்கவும், கடலடி வடங்களை இன்றியமையாத சேவையாக அறிவிக்கவும் டிராய் பரிந்துரைத்துள்ளது. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் செயற்கை நுண்ணறிவு மையம் அமைக்க 15 பில்லியன் டாலர் முதலீட்டை அறிவித்த கூகுள், அங்கு புதிய கடலடி வட நுழைவாயிலையும் அமைக்க உள்ளது. கிழக்குக் கடற்கரையில் மற்றொரு வாயில் திறக்கப்படுவது சுமை ஓரிடத்தில் குவிவதைக் குறைக்கும்.

மொத்தத் திறனைப் பொருத்தவரை, தேவையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் தொழில்நுட்பமும் முதலீடும் உள்ளன. ஆனால் அறுந்த வடம் எத்தனை நாள்களில் சீராகும், கோபுரம் வரை இழை எப்போது எட்டும், ஊராட்சி அலுவலகத்தில் உள்ள இணைப்பு ஆண்டு முழுவதும் இயங்குமா என்பவையே இனி இணையத்தின் தரத்தைத் தீர்மானிக்கும். கிராமத்து மாணவருக்கும் சிறு வணிகருக்கும் நாட்டின் மொத்த டெராபிட் கணக்கைவிட இக்கேள்விகளுக்கான விடையே முக்கியமானது.