கப்பலேறும் பெட்டியில் பாட்டில் எதற்கு?

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்குச் செக்போஸ்ட் சோதனை புதிதல்ல. சொகுசுக் கப்பலிலும் அதே கதைதான்! 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய கார்டிலியா 'எம்பிரஸ்' கப்பலில் வெளியிலிருந்து மது கொண்டுபோக முடியாது. பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோகும் சாமர்த்தியமெல்லாம் அவர்களுக்குப் பழசு. பாதுகாப்பு ஒரு காரணம். கப்பல் பாரின் வியாபாரம் இன்னொன்று, அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்கள் கொஞ்சம் தாராளம். ஏறும் நாளில், உரிய வயது வந்தவருக்கு 750 மில்லி வைன் ஒன்று. வழியில் வாங்கும் பாட்டிலை வாங்கிவைத்து, பயண முடிவில்தான் தருவார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறீர்களா? சுங்க வரியில்லாமல் 2 லிட்டர்வரைதான். கப்பல் நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிட்டே பெட்டியைக் கட்டுங்கள், நேயர்களே!