பேச்சிலிருந்து எழுத்துக்கு: தொடக்கநிலை மாணவர்களின் எழுத்துத்திறன் மேம்பாடு

முன்னுரை

கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய மொழித்திறன்களுள் எழுத்தே இறுதியாகக் கைவருவது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்றுண்டு. வீட்டில் பேசும் தமிழ் வேறு. பள்ளியில் எழுதவேண்டிய தமிழ் வேறு. இவ்விடைவெளியைக் கடக்க ஆசிரியர் எவ்வாறு துணைபுரியலாம் என்பதைக் கோலா கங்சார் வட்டாரச் சூழலை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சிக்கலின் இயல்பு

மலேசியாவில் 1988 முதல் 2019 வரை ஆறாம் ஆண்டு மாணவர்கள் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதினர். அத்தேர்வை எண்ணி மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் பழக்கம் பரவியது. மனனத்தால் பிழையற்ற பக்கம் கிடைக்கலாம். தான் கண்டதைத் தன் சொல்லால் எழுதும் துணிவு கிடைப்பதில்லை. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. எனினும் பழக்கம் தானாக நீங்கிவிடாது. அதற்கு மாற்றுவழி வேண்டும்.

சொல்லி எழுதுதல்

அவ்வழி பேச்சிலிருந்து தொடங்குவதாகும். “எங்க பாட்டி காலையில பால்மரம் வெட்டப் போவாங்க” என மாணவர் சொல்வதாகக் கொள்வோம். ஆசிரியர் அதனை அவ்வாறே கரும்பலகையில் எழுதி, கீழே “எங்கள் பாட்டி காலையில் பால்மரம் வெட்டப் போவார்” என எழுதுகிறார். இரண்டையும் ஒப்பிடும் மாணவர், சொல்வரிசை மாறவில்லை, மூன்று சொற்களின் ஈறுகளே மாறின என்பதைத் தாமே காண்பார். எழுத்துத்தமிழ் அயல்மொழியன்று, தம் பேச்சின் மற்றொரு வடிவமே எனும் நம்பிக்கை அவருக்குப் பிறக்கும். முதல் வரைவில் மலாய்ச் சொல் கலந்தாலும் தடுக்கலாகாது. தமிழ்ச் சொல்லை இரண்டாம் வரைவில் தேடலாம்.

வட்டாரமே பாடப்பொருள்

எழுதப் பொருள் இல்லாதபோதுதான் மாணவர் மாதிரியை நாடுகிறார். கோலா கங்சாரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. பேராக் ஆறும் சாயோங் மண்கூசாவும் கண்முன் உள்ளன. ஹியூ லோ பேராக்கின் ரெசிடென்டாக இருந்த 1877-இல் இங்கு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் எழுந்த தோட்டங்களில் தமிழர் வாழ்ந்தனர். அத்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தன. பெரட்டு, மங்கு, லயம், ஆயக்கொட்டகை போன்ற சொற்கள் இன்று மூத்தோர் நாவில்தான் பெரிதும் வாழ்கின்றன. தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு, விடையை ஐந்து வாக்கியங்களில் எழுதிவரச் செய்யலாம். இப்பயிற்சியில் மாணவரின் எழுத்தும் வளரும். ஒரு தலைமுறையின் சொல்வளமும் ஏட்டில் ஏறும்.

திருத்தும் முறை

பக்கம் முழுதும் சிவப்பு மையைக் கண்ட பிள்ளை அடுத்தமுறை குறைவாகவே எழுதும். ஆகவே, ஆசிரியர் முதலில் கருத்துக்கு மறுமொழி எழுதுதல் வேண்டும். பின்னர் ஒரு வாரத்திற்கு ஒருவகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் லகர, ளகர, ழகரம். மறுவாரம் ரகர, றகரம். அதன்பின் ஒற்று மிகும் இடங்கள். திருத்திய பகுதியை மாணவர் உரக்க வாசித்து மீண்டும் எழுதும்போது ஒலியும் வரிவடிவமும் இணைகின்றன.

முடிவுரை

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வழக்கையும் செய்யுளையும் மொழியாய்வின் இரு மூலங்களாகக் கொள்கிறது. வழக்கைப் புறந்தள்ளி எழுத்தைக் கற்பிக்க முயல்வது அம்மரபுக்கும் பொருந்தாது; பிள்ளையின் இயல்புக்கும் பொருந்தாது. பிழையின்றி எழுதும் மாணவரைவிட, பிழையிருப்பினும் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதும் மாணவரே எழுத்தில் முன்னேறுவார் என்பது நம் துணிபு.