அமெரிக்கக் கணினிக்கு நம் ஊர் மின்சாரம்

தட்டைக் கம்பி அமெரிக்க பிளக்கை நம் மூன்று கால் சாக்கெட்டில் சொருக ஒரு சின்ன அடாப்டர் போதும். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஆபத்தே அதில்தான். அது பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது.

பத்து காஜாவில் என் பெரியப்பா வீட்டில் ஓர் ஆப்பிள் டூ-ஈ கணினி இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து, எண்பதுகளில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியபோது தூக்கி வந்தது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறுவதற்கு முன், எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்று அதில் தட்டச்சு செய்து வைத்தார். அந்தப் பட்டியல் ஐந்தேகால் அங்குல வட்டுகளில் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. அன்று பயன்படுத்திய டிரான்ஸ்ஃபார்மர் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அண்ணன் வாங்கி வந்ததோ அந்தச் சின்ன அடாப்டர்.

"சொருகாதேப்பா, லேபிளைப் படி" என்றார் பெரியப்பா. 107 முதல் 132 வோல்ட் வரை என்றிருந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் 240. 2008 முதல் அதிகாரபூர்வமாக 230. மாறுமின்சாரத்தின் உச்சம் இதைவிட அதிகம்: 120 வோல்ட் 170-ஐத் தொடும், 240 வோல்ட் 340-ஐத் தொடும். பாதிக்கென்று செய்த பாகங்கள் அதைத் தாங்குமா?

பழுது பார்ப்பவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் புதிய மின்வழங்கியை உள்ளே வைப்பது. ஆனால் இந்தக் கணினிக்கு 5, 12, மைனஸ் 5, மைனஸ் 12 என நான்கு அழுத்தங்கள் வேண்டும். இன்றைய மின்வழங்கிகளில் மைனஸ் 5 அரிது. இன்னொன்று, வெளியே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். பெரியப்பா இரண்டாவதையே கேட்டார். கணினியில் ஒரு திருகாணியும் மாறாது என்பதால் எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸை நம் 50-இலிருந்து கொடுக்காது. கொமடோர் 64 போல வெளியே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் கொண்டவை 50-இல் கூடுதலாகச் சூடாகும். ஆப்பிளுக்கு அந்தக் கவலை இல்லை. 1977-இல் ஆப்பிள் டூ-வுக்காக ராட் ஹோல்ட் வடிவமைத்த ஸ்விட்சிங் முறை, வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கிவிடுகிறது. ஐம்பதோ அறுபதோ, அதற்கு ஒன்றுதான்.

மின்சாரத்தோடு பழகிய ஊர்தான் இது. தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை மின்சாரத்தில் ஓடியது. ஆனாலும் பழைய மின்வழங்கியைத் திறக்கும் வேலை நமக்கு வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவர் கணினியை இணைக்காமல், போலிச் சுமை ஒன்றை மாட்டி, நான்கு அழுத்தங்களையும் மீட்டரில் பார்த்த பிறகே பலகையில் பொருத்தினார்.

முதல் வட்டு படிக்கவில்லை. இரண்டாவது வட்டில் பச்சை எழுத்தில் மூன்றாம் லயம் வந்தது. பெரியப்பா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அண்ணன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.