பதிப்புரிமை: வகுப்பறைக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு?

கற்றல் கற்பித்தல் துணைக்கருவி என்றால் சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் மட்டுமே என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாடத்துக்குக் காணொலி தயாரிக்கிறார்கள், பயிற்சித்தாளைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார்கள், ஆண்டு விழாவை யூடியூபில் ஏற்றுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் எங்கோ ஓரிடத்தில் இன்னொருவரின் படமோ பாடலோ பத்தியோ கலந்திருக்கிறது.

இதுபற்றிக் குறுவள மையக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்பது இரண்டு கருத்துகள். ஒன்று, "நெட்டில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து." மற்றொன்று, "எதைத் தொட்டாலும் வழக்கு வரும், நமக்கு எதற்கு வம்பு?" இரண்டுமே சரியல்ல. முதலாவது பிறர் உழைப்பை மதிக்காமல் விடுகிறது. இரண்டாவது நல்ல ஆசிரியரின் கையைக் கட்டிப்போடுகிறது. எங்கள் ஒன்றியத்தில் அருமையாகக் கணக்குக் காணொலிகள் செய்துவந்த ஆசிரியை ஒருவர், யூடியூபிலிருந்து பதிப்புரிமை அறிவிப்பு வந்ததும் பயந்து சேனலையே மூடிவிட்டார். பின்னணியில் ஒலித்த திரைப்பாடலை நீக்கியிருந்தாலே போதும். அதைச் சொல்ல அருகில் ஆளில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் எதைக் காக்கிறது?

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் "காப்புரிமை" என்கிறோம். புதிய கண்டுபிடிப்புக்குத் தரப்படுவது காப்புரிமை. எழுத்து, ஓவியம், இசை, நாடகம், திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 2012-இல் அதில் முக்கியத் திருத்தங்கள் வந்தன.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. படைப்பு உருவானவுடன் உரிமையும் பிறந்துவிடுகிறது. வட்டத்துக்குள் 'சி' குறி இல்லாததால் ஒரு படம் இலவசம் என்று ஆகிவிடாது.

சட்டம் காப்பது கருத்தை அல்ல, அது சொல்லப்பட்ட விதத்தை. ஒளிச்சேர்க்கை எவருடைய சொத்தும் அல்ல. ஆனால் அதை விளக்கி ஒருவர் வரைந்த வண்ணப்படம் அவருடையது. அதே செயல்பாட்டை நீங்கள் புரிந்துகொண்டு கரும்பலகையில் புதிதாக வரைந்தால் அது உங்கள் படம்.

எத்தனை ஆண்டுகள்?

எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்குப் படைப்பாளியின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

புதுமைப்பித்தன் மறைந்தது 1948-இல். எனவே 2008-ஆம் ஆண்டு இறுதியோடு காலம் முடிந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் பாடல் வரிகளுக்கு 2041 இறுதி வரை உரிமை உண்டு.

தமிழுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழறிஞர்கள், எழுத்தாளர்கள் பலரின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949-லேயே அரசு பெற்றுவிட்டது. நாட்டுடைமை ஆன நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். சங்க இலக்கியம் முதலான பழைய நூல்களின் மின்பதிப்புகளை 1998 முதல் மதுரைத் திட்டம் தந்துவருகிறது.

ஆசிரியருக்குச் சட்டம் தந்துள்ள இடம்

எவையெவை உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் கையாள்வது அதில் பொதுவாக எல்லோருக்கும் உண்டு. அதற்கும் மேலாக நமக்கென்றே சில உட்பிரிவுகள் உள்ளன:

1. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுக்கலாம்.
2. தேர்வு வினாத்தாளில் பயன்படுத்தலாம், விடையிலும் எழுதலாம். மொழிப்பாட வினாத்தாளில் பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக் கேள்வி கேட்பது இதில் அடங்கும்.
3. பள்ளி நிகழ்வில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு நாடகத்தை நடிக்கலாம், பாடலைப் பாடலாம். திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ போட்டுக்காட்டலாம். ஆனால் பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.
4. மாற்றுத்திறனாளி மாணவருக்காக ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றித் தரலாம். லாப நோக்கம் கூடாது.

முதல் உட்பிரிவின் எல்லை என்ன என்பதற்கு டெல்லி வழக்கு ஒன்று விடை தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நகலகம் ஒன்று, பாடத்திட்டத்தில் சொல்லப்பட்ட பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துக் கட்டுகளாக மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில், அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு சட்டத்தின் பொருளை விளக்கியது. கற்பித்தல் என்பது ஆசிரியர் வகுப்பில் நின்று பேசும் நேரம் மட்டுமல்ல என்றது. நூலில் எத்தனை சதவீதம் எடுத்தார்கள் என்பதைவிட, எடுத்தது கற்பித்தலுக்குத் தேவையா என்பதே அளவுகோல் என்றும் சொன்னது. தேவை குறித்த உண்மைகளை விசாரிக்க மட்டும் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

"பத்து சதவீதம் வரை எடுக்கலாம்", "முப்பது நொடிப் பாட்டுக்குப் பிரச்சினை இல்லை" என்று உலவும் கணக்குகள் நம் சட்டத்தில் இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். நோக்கமும் தேவையுமே கேள்வி.

ஊடகம் மாறினால் கணக்கும் மாறும்

*அச்சு:* ஒரு சிறுகதையைப் பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்து வாசிக்கச் செய்வது கற்பித்தல். கடையில் கிடைக்கும் நூலை முழுதாக ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கானோர் இருக்கும் டெலிகிராம் சேனலில் போடுவது கற்பித்தல் ஆகாது. அது பதிப்பாளரின் விற்பனையில் கைவைப்பது.

*படம்:* கூகுள் தேடலில் வருவது வழிகாட்டி மட்டுமே. படம் கூகுளுடையது அல்ல, எனவே "நன்றி: கூகுள்" என்று போடுவதில் பொருளில்லை. வகுப்பில் காட்டுவதற்குத் தடையில்லை. அதே படத்தை அச்சிட்டு வெளியிடும் கையேட்டில் சேர்க்கும்போது உரிமம் பார்க்க வேண்டும்.

*பாடல்:* பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரே பாடலில் வரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு என மூன்று உரிமைகள் அடுக்காக இருக்கின்றன. 2000-இல் வெளிவந்த 'பாரதி' திரைப்படத்தின் பாடல்களை எடுத்துக்கொள்வோம். பாரதியின் வரிகள் எல்லோருக்கும் உரியவை. ஆனால் அந்த இசையமைப்பும் ஒலிப்பதிவும் உரிமையுள்ளவை. ஆகவே பாரதி பாடலை உங்கள் மாணவிகள் சொந்த மெட்டில் பாடிப் பதிவுசெய்தால் தடையின்றி எங்கும் வெளியிடலாம். படத்தின் ஒலிப்பதிவை அப்படியே ஓடவிட்டு வெளியிட முடியாது. நாட்டுப்புறத் தாலாட்டும் கும்மியும் ஊர் மக்களின் பொதுச்சொத்து. பாட்டிகளிடம் கேட்டு மாணவர்கள் பாடினால் உரிமைச் சிக்கலும் இல்லை, பாடமும் ஆகிறது.

*ஆண்டு விழா:* திரைப்பாடலுக்குப் பெற்றோர் முன்னிலையில் குழந்தைகள் ஆடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றும்போது பார்வையாளர் உலகம் முழுவதும் ஆகிவிடுகிறார்கள், விலக்கு அங்கே நின்றுவிடுகிறது. யூடியூபின் தானியங்கி ஒப்பீட்டு முறை அந்தப் பாடலைக் கண்டுபிடிப்பதும் அதனால்தான். பெற்றோர் குழுவுக்குள் பகிர்வது, அல்லது யூடியூபின் இலவச ஒலி நூலகத்தில் உள்ள இசையைச் சேர்ப்பது எளிய வழி.

*மென்பொருள்:* திருட்டு நகலை நிறுவ எந்த விலக்கும் கைகொடுக்காது. லிப்ரே ஆபீஸ், ஒலித்தொகுப்புக்கு அடாசிட்டி, படத்தொகுப்புக்கு ஜிம்ப் ஆகியவை கட்டணமின்றிச் சட்டப்படியே கிடைக்கின்றன.

அனுமதியோடு கிடைப்பவை

"இன்ன நிபந்தனையோடு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று படைப்பாளியே முன்கூட்டிச் சொல்லிவிடுவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதில் 'பிஒய்' என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். 'எஸ்ஏ' என்றால் மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில் தர வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்குக் கூடாது. 'என்டி' என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. விக்கிப்பீடியாக் கட்டுரைகள் 'பிஒய்-எஸ்ஏ' வகை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் குழந்தைக் கதைகள் படங்களோடு திறந்த உரிமத்தில் உள்ளன. அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், வட்டார வழக்குக்கு மாற்றியும் எழுதலாம். எழுத்தாளர், ஓவியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

நம் உழைப்பும் நம் குழந்தைகளின் உழைப்பும்

இதுவரை பிறர் படைப்பைப் பற்றிப் பேசினோம். மறுபக்கமும் இருக்கிறது. எங்கள் பாட ஆசிரியர்கள் சிலர் விடுமுறையில் உட்கார்ந்து தயாரித்த மெல்லக் கற்போர் பயிற்சித்தாள், ஒரு தனியார் பயிற்சி மையத்தின் முத்திரையோடு விலைக்கு வந்ததைப் பார்த்தேன். பெயரில்லாமல் பகிர்ந்ததால் எங்களுடையது என்று நிறுவுவதே கடினமாயிற்று. இப்போது ஒவ்வொரு தாளின் அடியிலும் தயாரித்தவர் பெயர், ஆண்டு, "வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரி ஆகியவற்றைச் சேர்க்கிறோம்.

மாணவர்களுக்கும் இதே உரிமை உண்டு. ஏழாம் வகுப்பு மாணவி வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமை அவளுடையது, பள்ளியுடையதோ ஆசிரியருடையதோ அல்ல. படைப்பாளியின் பெயர் குறிப்பிடப்படுவதையும், படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதையும் சட்டத்தின் 57-ஆம் பிரிவு தனி உரிமையாகவே சொல்கிறது. எனவே கையெழுத்து இதழிலோ பள்ளிச் சுவரிலோ போடும்போது அவள் பெயர் இருக்கட்டும். இணையத்தில் ஏற்றும் முன் அவளிடமும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை கேட்போம். தன் பெயர் மதிக்கப்படுவதைக் கண்ட குழந்தை, பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று எழுதித்தர யோசிக்கும்.

பகிரும் முன் நான்கு கேள்விகள்

1. இது யாருடைய படைப்பு? காலம் முடிந்ததா, நாட்டுடைமையா, திறந்த உரிமமா?
2. என் பாடத்துக்கு இது தேவையா? தேவையான அளவு மட்டும் எடுத்திருக்கிறேனா?
3. என் மாணவர்களுக்கு மட்டும் போகிறதா, ஊர் உலகத்துக்கே போகிறதா?
4. படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறேனா?

இவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். மூன்றாவது கேள்வியில் தயக்கம் வந்தால், வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அல்லது உரியவரிடம் அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குழந்தைகளுக்காகக் கேட்கும்போது மறுப்பவர்கள் குறைவு என்பது என் அனுபவம்.